பூட்டிய நினைவகத்தில் பேஜ் ஃபால்ட்: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

லினக்ஸில் தன் நினைவகத்தைப் பூட்டிக்கொண்ட நிகழ்நேரச் செயலி ஒன்று, அதன் பின்னும் பேஜ் ஃபால்ட்டுக்கு ஆளாவதைச் சகித்துக்கொள்ளலாமா என்ற கேள்விக்கு, காலக்கெடுவுக்கு உட்பட்ட பகுதியில் ஒரு தடவைகூடச் சகிக்கலாகாது என்பதே எங்கள் சங்கத்தின் திடமான அபிப்பிராயம்.

1 மில்லி விநாடிக்கு ஒருமுறை மோட்டாருக்குக் கட்டளையிட வேண்டிய நிரல், வட்டிலிருந்து ஒரு பக்கம் வந்துசேரக் காத்து நின்றால், அந்தச் சுற்றின் அவகாசம் முழுவதும் அதிலேயே கழிந்துபோகும். எம்லாக்ஆல் என்னும் அழைப்பு இந்தப் பெரிய ஃபால்ட்டைத் தடுத்துவிடுகிறது. ஆனால் போசிக்ஸ் அளிக்கும் உத்தரவாதம் பக்கம் ராமில் இருக்கும் என்பது மட்டுமே. ராமில் ஒரே இடத்தில் இருக்கும் என்பதன்று. ஆகவே, சிதறிக் கிடக்கும் காலி இடங்களை ஒன்றுசேர்க்கும் பொருட்டுக் கெர்னல் பூட்டிய பக்கத்தையும் வேறிடத்துக்குப் பெயர்க்க இடமுண்டு. பெயர்க்கும் அந்த க்ஷணத்தில் அதைத் தொட்ட த்ரெட், வேலை முடியும்வரை நிற்க வேண்டியதுதான். வட்டுக்குப் போகாத சிறிய ஃபால்ட்தானே என்று இதை அலட்சியம் செய்கிறவர்களோடு எங்களுக்குச் சம்மதமில்லை; நிகழ்நேரத்தில் சராசரித் தாமதம் பிரமாணமாகாது, அதிகபட்சத் தாமதமே பிரமாணம்.

பூட்டிய பக்கங்களை இவ்வாறு பெயர்க்கலாமா என்பதைத் தீர்மானிக்கும் அமைப்பு லினக்ஸில் 2015 முதல் இருந்துவருகிறது. பிரீஎம்ப்ட்-ஆர்டி கெர்னலில் அதன் இயல்பு மதிப்பு 0, பிறவற்றில் 1. நிகழ்நேரப் பணிக்கென்று வழங்கப்படும் எந்த இயந்திரத்திலும் அது 0 ஆகவே இருக்க வேண்டும். எந்த த்ரெட் எந்தப் பக்கத்தைத் தொடுகிறது என்றறிய வேண்டுமென்றே ஃபால்ட்டை உண்டாக்கும் நூமா தானியங்கிச் சமன்படுத்தலையும் நிறுத்திவைக்கக் கோருகிறோம்.

பழி முழுவதையும் கெர்னலின் மேல் சுமத்துவது நியாயமாகாது. இப்போதுள்ள பக்கங்களை மட்டும் பூட்டி இனி வரப்போகிறவற்றை மறப்பதும், பூட்டும் அழைப்பு தோற்றுப் போனதைக் கவனியாமல் செயலியை ஓடவிடுவதும் எழுதுகிறவரின் பொறுப்பே. ஸ்டாக் எவ்வளவு ஆழம் போகுமோ அவ்வளவையும் முன்கூட்டியே ஒருமுறை எழுதித் தொட்டுவிட வேண்டும். விடுவித்த இடத்தை ஜிலிப்சி கெர்னலுக்குத் திருப்பித் தராதபடி மல்லாப்ட் கொண்டு தடுத்து, தேவையான ஹீப் முழுவதையும் தொடக்கத்திலேயே ஒதுக்கிக்கொள்ள வேண்டும். எல்லாவற்றிலும் ஜாக்கிரதையாக இருந்தவர்கள்கூடத் தவறுமிடம் ஃபோர்க். இடையில் ஒரு துணைச் செயலியை ஃபோர்க் செய்தால், தாய்ச் செயலியின் தனிப் பக்கங்களும் எழுதத் தடைசெய்யப்பட்டு, அடுத்த எழுத்தில் ஃபால்ட் நிகழும். பூட்டு அதைத் தடுக்காது, சேய்க்கும் அந்தப் பூட்டு சேராது. ஆதலால் காலக்கெடுப் பகுதி தொடங்கிய பின் ஃபோர்க் கூடாது என்பதில் நாங்கள் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. லினக்ஸ் 4.4 முதல் கிடைக்கும் ஆன்ஃபால்ட் கொடியும், பக்கத்தைத் தொட்ட பிறகே பூட்டுவதால், முன்கூட்டியே தொட்டுவைக்காத இடத்தில் எங்கள் நோக்கத்துக்கு விரோதமானது.

சோதனை எளிது. கெட்ஆர்யூசேஜ் காட்டும் சிறிய, பெரிய ஃபால்ட் எண்ணிக்கைகளைக் காலக்கெடுப் பகுதிக்கு முன்னும் பின்னும், இயந்திரம் முழுச் சுமையில் இருக்கையில், த்ரெட்வாரியாக எடுக்க வேண்டும். வித்தியாசம் 0 ஆக இராத செயலிக்கு, அதன் தாமதம் அன்று எத்தனை குறைவாகத் தென்பட்டாலும், எங்கள் சங்கம் சிபாரிசு வழங்காது.