ஒரே அலைவரிசையில் இரண்டு குரல்கள்

விமானம் தரையைத் தொட்டதுமே ஒரு சத்தம் கேட்கும். சக்கரத்தின் சத்தம் அல்ல. ‘டக், டக்’ என்று இருக்கை வார்கள் அவிழும் சத்தம். சென்னைக்கோ திருச்சிக்கோ போய்வருபவர்களுக்கு இது பழகிப்போன ஒன்று. விமானம் இன்னும் ஊர்ந்துகொண்டுதான் இருக்கும். அதற்குள் மேலே இருக்கும் பைகள் இறங்கத் தொடங்கிவிடும். “அதான் இறங்கியாச்சே, இனி என்ன?” என்ற நினைப்புதான்.

ஆனால், விமானப் போக்குவரத்து வரலாற்றில் ஆக அதிகமான உயிர்களைப் பறித்த விபத்து நடந்தது வானத்தில் அல்ல, தரையில்.

1977 மார்ச் 27. ஸ்பெயினின் கேனரித் தீவுகளில் ஒன்றான டெனரீஃப். பக்கத்துத் தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால், பல விமானங்கள் இங்குள்ள சிறிய நிலையத்துக்குத் திருப்பிவிடப்பட்டன. நிற்க இடமில்லாத நெரிசல். பின்னர் புறப்படும் நேரம் வந்தபோது, பான் அம் நிறுவனத்தின் ஜம்போ விமானம் ஓடுபாதையிலேயே ஊர்ந்து வரவேண்டியிருந்தது. அதே ஓடுபாதையின் மறுமுனையில் கேஎல்எம் ஜம்போ விமானம் புறப்படத் தயாராக நின்றது. கடுமையான மூடுபனி. இரண்டு விமானங்களும் ஒன்றையொன்று பார்க்க முடியவில்லை. கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கும் இரண்டும் தெரியவில்லை. தரையைக் கண்காணிக்கும் ரேடாரும் அங்கு இல்லை. எல்லாமே வானொலிப் பேச்சை நம்பித்தான்.

வானொலியில் வேலை செய்யும் எனக்கு, அடுத்து நடந்ததுதான் நெஞ்சைப் பிசைகிறது. அனுமதி கிடைத்துவிட்டது என்று நினைத்து கேஎல்எம் விமானம் ஓடத் தொடங்கியது. “காத்திருங்கள்” என்றது கோபுரம். அதே நொடியில், “நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்” என்றார் பான் அம் விமானி. ஒரே அலைவரிசையில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் என்ன ஆகும்? கேஎல்எம் விமானிகளின் காதில் கீச்சென்ற இரைச்சல் விழுந்தது. கோபுரத்தின் பதிலில் “ஓகே” என்ற சொல் மட்டுமே தெளிவாகக் கேட்டது. “அந்த விமானம் விலகிவிட்டதா?” என்று விமானப் பொறியாளர் சந்தேகத்தோடு கேட்டார். விலகிவிட்டது என்று தலைமை விமானி உறுதியாகச் சொல்லிவிட்டார். அந்த மோதலில் 583 பேர் மாண்டனர்.

எங்கள் நிகழ்ச்சியில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் நேயர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். அங்கே அதற்கான விலை வேறு.

அதன் பிறகு விமானிகளின் மொழியே மாறியது. ‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லை, புறப்படும் அனுமதியைக் கொடுக்கும்போதோ ரத்து செய்யும்போதோ மட்டுமே கோபுரம் பயன்படுத்த வேண்டும். முக்கியமான உத்தரவுகளுக்கு வெறும் “ஓகே” போதாது; கேட்டதை விமானி திருப்பிச் சொல்ல வேண்டும். மூத்தவர் தவறும்போது இளையவர் தயங்காமல் எடுத்துச் சொல்வதும் பயிற்சியின் ஒரு பகுதியானது.

இது எங்கோ தொலைவில் உள்ளவர்களின் கதை மட்டுமல்ல. 2000 அக்டோபர் 31. புயல் மழையில் தைப்பேயிலிருந்து புறப்பட்ட சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் எஸ்கியூ006 விமானம், இடப்பக்க ஓடுபாதைக்குப் பதிலாக, பராமரிப்புப் பணிக்காக மூடப்பட்டிருந்த வலப்பக்க ஓடுபாதைக்குள் திரும்பியது. அங்கிருந்த கட்டுமான இயந்திரங்களில் மோதியதில், விமானத்தில் இருந்த 179 பேரில் 83 பேர் உயிரிழந்தனர்.

சரி, பயணிகளான நாம் என்ன செய்ய முடியும்? அதற்கு 2024 ஜனவரி 2ஆம் தேதி தோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தைப் பார்க்கலாம். தரையிறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம், ஓடுபாதையில் நின்ற கடலோரக் காவல்படை விமானத்தில் மோதித் தீப்பற்றியது. நிலநடுக்கத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிவாரணப் பொருள் கொண்டுசெல்லவிருந்த அந்தச் சிறிய விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐவர் இறந்தனர். ஆனால், எரிந்துகொண்டிருந்த பெரிய விமானத்திலிருந்து 379 பேரும் உயிருடன் வெளியேறினர். சிப்பந்திகளின் சொல்லைக் கேட்டு, பைகளை விட்டுவிட்டு வந்ததும் அதற்கு ஒரு காரணம்.

அடுத்த முறை விமானம் தரையிறங்கியதும் பிள்ளைகளின் கை இருக்கை வாருக்குப் போனால், “விளக்கு அணையட்டும், கண்ணு” என்று சொல்லுங்கள். பெட்டி வந்து சேர எப்படியும் நேரமாகும். அந்த ஐந்து நிமிடத்தில் நாம் இழக்கப்போவது ஒன்றுமில்லை.