முதலில் கந்தகத்தைப் பிடியுங்கள்

கரியமில வாயுவைப் பிடித்துப் பயன்படுத்தவும் சேமிக்கவும் ஐந்து ஆண்டுகளில் 20,000 கோடி ரூபாய் என்கிறது 2026-27 ஒன்றிய நிதிநிலை அறிக்கை. பயன்பெறும் துறைகளின் பட்டியலில் மின்துறையும் உண்டு. இதே ஒன்றிய அரசுதான் 2025 ஜூலையில், நாட்டின் நிலக்கரி மின் அலகுகளில் முக்கால்வாசிக்கு மேல் கந்தக நீக்கக் கருவி வேண்டாம் என்று விலக்கு அளித்தது. இரண்டு முடிவுகளும் ஒரே புகைபோக்கிக்குள் மோதப்போகின்றன.

உலோகக் கரிமச் சட்டகங்களுக்கு 2025இல் வேதியியல் நொபேல் கிடைத்ததிலிருந்து, கரியமிலத்தை ஈர்த்துப் பிடிக்கும் திடப்பொருள்கள் பற்றியே பேச்சு. அவற்றில் எளியது அமீன் பூசிய சிலிக்கா. நுண்துளைகள் நிறைந்த அந்தத் துகளில் கரியமிலம் வந்து ஒட்டும், சூடாக்கினால் விட்டுவிடும், துகள் மறுபடி வேலைக்குத் தயார். ஆயிரக்கணக்கான முறை இப்படி ஓடினால்தான் செலவு கட்டுப்படியாகும். ஆனால் கந்தக டை ஆக்சைடு ஒட்டினால் அந்தச் சூட்டுக்கெல்லாம் அசையாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கந்தகம் நீக்காத புகையில் கரியமிலம் 13 சதவீதம், கந்தக டை ஆக்சைடு பத்து லட்சத்தில் 400 பங்கு என்று வைத்துக்கொள்வோம். 325 கரியமில மூலக்கூறுக்கு ஒரு கந்தக டை ஆக்சைடு மூலக்கூறு. ஒவ்வொரு சுற்றிலும் அது தன் இடத்தை நிரந்தரமாகப் பிடித்துக்கொண்டால், 325 சுற்றில் துகள் செத்தது. சுற்றுக்கு ஒரு மணி நேரம் என்றால், இரண்டே வாரம்! பழைய பெரிய அலகுகளுக்கு 2015 உமிழ்வு விதி அனுமதித்த கன மீட்டருக்கு 200 மில்லிகிராமே ஏறத்தாழ 70 பங்கு. அமீனுக்கோ பத்துக்கும் கீழே இறங்க வேண்டும். அந்த முதல் படியைத்தான் தூக்கிப்போட்டிருக்கிறோம்.

நம் நிலக்கரியில் கந்தகம் குறைவு, ஊர்க்காற்றில் அளவு வரம்புக்குள்தான் இருக்கிறது என்பது விலக்கை ஆதரிப்பவர்களின் வாதம். இதற்கு நீண்ட பதில் தேவையில்லை. துகள் ஊர்க்காற்றில் வேலை செய்யப்போவதில்லை, உலைப்புகையில். கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் உருவான ‘கால்ஃப்-20’ என்ற உலோகக் கரிமச் சட்டகம் ஈரத்தையும் அமில வாயுக்களையும் தாங்கும் என்று இன்னொரு வாதம் வருகிறது. அங்கே சிமென்ட் ஆலைப் புகையில் தேறியதை, 40 சதவீதம் வரை சாம்பல் உள்ள நிலக்கரியை எரிக்கும் நம் உலைக்கு அத்தாட்சியாகக் காட்டுவது ஏமாற்று.

அதே கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்தில் பவுண்டரி டேம் மின்நிலையம் 2014இல் கரியமிலப் பிடிப்பைத் தொடங்கியபோது, முதலில் கந்தகத்தைப் பிரித்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போனது. அது திரவ அமீன் முறை. அவ்வளவு செய்தும், சாம்பல் அடைப்பும் அமீன் சிதைவும் சேர்ந்து, ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் என்ற இலக்கை எட்டவிடாமல் அதைப் படுத்தின. நாம் கந்தகத்தையும் சேர்த்து உள்ளே அனுப்பிவிட்டுக் கரியமிலத்தைப் பிடிப்போமாம்.

2025 விலக்கு உடனே ரத்தாக வேண்டும். கந்தக நீக்கி ஓடாத எந்த மின்நிலையத்துக்கும் அந்த 20,000 கோடியிலிருந்து ஒரு ரூபாய்கூடப் போகக் கூடாது. சோதனை முயற்சி என்ற பெயரிலும் கூடாது.