செலவு யார் தலையில்?

பாலியல் குற்றவாளி ஒருவரைப் பரோலில் விடுவதற்கு முன், அவரால் இன்னும் ஆபத்து உண்டா என்று உளவியலாளர்களைக் கொண்டு மதிப்பிட வேண்டும் என்றால் உடனே பதில் வருகிறது: அதற்கெல்லாம் அரசிடம் ஏது பணம்? செலவுதான், மறுக்கவில்லை. கைதியுடன் பலமுறை உட்கார்ந்து பேச வேண்டும், தீர்ப்பை முழுக்கப் படிக்க வேண்டும், பாதிக்கப்பட்ட பெண்ணிடமும் கேட்க வேண்டும்.

பணமில்லாத இந்த அரசு எதற்குச் செலவழிக்கிறது? தேரா சச்சா சவுதாவின் குர்மீத் ராம் ரஹீம், இரண்டு பெண் சீடர்களை வல்லுறவு செய்ததற்காக 2017இல் 20 ஆண்டு தண்டனை பெற்றவர். 2022 பிப்ரவரியில், பஞ்சாப் தேர்தல் நெருங்கிய நேரத்தில், 21 நாள் விடுப்பில் வெளியே வந்தார். ஹரியானா அரசு அவருக்கு இசட் பிளஸ் பாதுகாப்பு கொடுத்தது. ஆயுதக் காவலர்களுக்குப் பணம் இருந்தது.

குஜராத் மதிப்பீட்டை மலிவாகவே முடித்தது. 2002இல் ஐந்து மாதக் கர்ப்பிணியான பில்கிஸ் பானுவைக் கூட்டு வல்லுறவு செய்து, அவருடைய மூன்று வயது மகள் உட்படக் குடும்பத்தாரைக் கொன்றதற்காக 11 பேர் ஆயுள் தண்டனை பெற்றார்கள். சிறையில் இருந்த காலத்திலேயே பெரும்பாலானோர் பரோல், விடுப்பு என ஆயிரம் நாட்களுக்கு மேல் வெளியே இருந்தார்கள். அப்படி வந்திருந்த ஒருவர் மீது, ஒரு பெண்ணிடம் அத்துமீறியதாக 2020இல் வழக்குப் பதிவானது. இதை உச்ச நீதிமன்றத்தில் சொன்னது மாநில அரசின் ஆவணமே. அதன் பிறகும் அவருக்குப் பரோல் கிடைத்தது.

இந்த 11 பேருக்கும் தண்டனைக் குறைப்பு தரலாமா என்று பார்த்த குழுவில் ஆளுங்கட்சி எம்.எல்.ஏ.க்கள் இருந்தார்கள். சிபிஐயும் மும்பை சிறப்பு நீதிமன்ற நீதிபதியும் விடுதலையை எதிர்த்திருந்தார்கள். குழுவோ நன்னடத்தையைக் கண்டது. அவர்கள் பிராமணர்கள், நல்ல பண்பாட்டில் வந்தவர்கள் என்று குழு உறுப்பினரான எம்.எல்.ஏ. ஒருவர் பின்னர் பேசினார். ஆபத்தை அளக்க அவர்களிடம் இருந்த கருவி சாதி. அதற்கு உளவியலாளர் எதற்கு? சிறையில் பெண்களே இல்லாத இடத்தில் ஒருவர் ஒழுங்காக நடந்துகொண்டார் என்பது எங்களுக்கு என்ன சொல்கிறது?

பரோலே கூடாது என்று நான் சொல்லவில்லை. அது கைதியின் மனிதத் தேவை. தாயின் சாவுக்குப் போக வழியின்றி உள்ளே அழும் ஏழைக் கைதிக்கு இந்த தாராளம் கிடைப்பதில்லை என்பதும் என் கோபத்தில் ஒரு பகுதி. யாரை, எந்த அடிப்படையில் அனுப்புகிறீர்கள் என்பதுதான் கேள்வி. அந்த அடிப்படையை எழுத்தில் வையுங்கள், பாதிக்கப்பட்டவருக்கு முன்கூட்டிச் சொல்லுங்கள்.

2022 ஆகஸ்ட் 15 அன்று 11 பேரும் மாலையும் இனிப்புமாக வரவேற்கப்பட்டார்கள். மும்பையில் நடந்த வழக்கில் முடிவெடுக்க குஜராத்துக்கு அதிகாரமே இல்லை என்று 2024 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதைச் சொல்லவைக்க பில்கிஸ் மீண்டும் ஒருமுறை மனுதாரராக நிற்க வேண்டியிருந்தது. அவர்கள் சிறை திரும்பும்வரை ஓடிய பதினேழு மாதங்களுக்கு அவர் கொடுத்த விலை எந்த அரசின் கணக்கிலும் ஏறவில்லை.