சாட்சிக் கூண்டில் கலித்தொகை

சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் இலக்கிய விமர்சனம் செய்வதில் எனக்கு ஆட்சேபணை கிடையாது. தமிழில் விமர்சனம் செய்கிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்கிற நிலையில் இன்னும் இரண்டு பேர் வந்து சேர்ந்தால் நல்லதுதான். 2014 மே 7ஆம் தேதி கே. எஸ். ராதாகிருஷ்ணன், பினாகி சந்திர கோஷ் இருவரும் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்துத் தந்த தீர்ப்பில் 'ஏறு தழுவல்' என்பதற்கு ஒரு வியாக்கியானம் இருக்கிறது. தழுவுவது என்றால் அணைப்பது, மேற்கொண்டு அடக்குவது அல்ல. காளை சிவனுடைய வாகனம். அதை வணங்குவதே தமிழ்ப் பண்பாடு, வருத்துவது அல்ல. வாதம் இந்த ரீதியில் போகிறது. தீர்ப்பின் சட்டப் பகுதியில் எனக்குப் பெரிய பிணக்கு இல்லை. 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வாலை முறுக்குவதையும் கண்ணில் மிளகாய்ப்பொடி தூவுவதையும் பற்றிய அறிக்கைகளைப் படிக்கிற ஒருவர் வேறு எந்த முடிவுக்கு வருவார்? ஆனால் தழுவல் என்ற சொல் அகப்பட்டுக்கொண்டு முழிக்கிறதே, அதுதான் என் விஷயம்.

முல்லைக்கலியைப் பிரித்தவர்களுக்குத் தெரியும். சோழன் நல்லுருத்திரன் பாட்டுகள் பதினேழு. முதல் ஏழில் காளைகள் வருகின்றன. அங்கே தழுவல் என்பது குடல் சரிகிற காரியம். ஒருவன் மார்பைக் காளை கிழிக்கிறது, கவிஞனுக்கு உடனே துச்சாதனன் நெஞ்சைப் பிளந்த பீமன் ஞாபகம் வருகிறது. கொம்புக்கு அஞ்சுகிறவனை ஆயர் மகள் அடுத்த பிறவியிலும் அணைய மாட்டாளாம். காளையின் கழுத்தும் பெண்ணின் தோளும் ஒரே ஆசையின் இரண்டு முனைகளாக நிற்கின்றன. ரத்தம் உலர்வதற்குள் குரவைக் கூத்து தொடங்கிவிடுகிறது. இந்தப் பாட்டுகள் காளையிடம் கருணை காட்டச் சொல்லவில்லை, குத்து என்றும் சொல்லவில்லை. ஆபத்தையும் காமத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் பேசாமல் நகர்ந்துவிடுகின்றன. அதை 'அணைத்தல்' என்ற சாத்வீகச் சொல்லாக மாற்றி ஒரு தீர்ப்பில் பதித்தால் நஷ்டம் காளைக்கும் இல்லை, மாடுபிடிக்கிறவனுக்கும் இல்லை. பாட்டுக்குத்தான்.

எதிர்க்கட்சிக்காரர்கள் செய்தது இதைவிட மோசம். அவர்கள் பாட்டைப் பட்டாவாக நீட்டினார்கள். இரண்டாயிரம் வருஷத்து அனுபோக பாத்தியதை, இதோ சங்க இலக்கிய ஆவணம், இதோ மொஹஞ்சதாரோ முத்திரை. சி. வை. தாமோதரம் பிள்ளை 1887இல் கலித்தொகையைத் தேடிப் பிடித்து அச்சேற்றியது ஒரு சிவில் வழக்கில் எக்ஸிபிட்டாக நம்பர் போடவா? சங்க நூல்களில் கலித்தொகை பிந்தியது என்று வையாபுரிப் பிள்ளை சொன்னதை ஒரு மேடையிலாவது யாராவது எடுத்தார்களா? எடுத்திருந்தால் துரோகிப் பட்டம் கிடைத்திருக்கும். பாட்டின் வயசு குறைந்தால் விளையாட்டின் உரிமையும் குறைந்துவிடும் என்று ஒரு பயம். வழக்குக்கு ஆதாரமாக வாசிக்கத் தொடங்கிய பிறகு பாட்டில் எஞ்சுவது தேதி ஒன்றுதான்.

இதைச் சொல்ல எனக்குள்ள யோக்கியதையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். 2017 ஜனவரியில் மெரினாவில் கூட்டம் சேர்ந்தபோது எங்கள் பக்கத்திலும் பையன்கள் சாலையோரம் உட்கார்ந்தார்கள். பாங்கியில் கவுண்டரை மூடிவிட்டு நானும் போனேன். இருபத்திரண்டு வரியில் ஒரு கவிதை எழுதி, மைக் பிடித்து வாசிக்கவும் செய்தேன். அதில் கலித்தொகை இருந்தது, திமில் இருந்தது, டில்லி இருந்தது, வெளிநாட்டுக் குளிர்பானம்கூட இருந்தது. கைதட்டல் பலமாகத்தான் இருந்தது. ஒரு பாட்டி எனக்குப் புளிசாதம் கொடுத்தாள். அந்தப் பையன்களிடம் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. குப்பையைக் கூட்டினார்கள், பெண்களை மதித்தார்கள், கட்சிக்காரர்களைக் கிட்டே சேர்க்கவில்லை. கவிதையிடம் மட்டும் மரியாதை இல்லை. போன மாசம் நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஒரு வரியாவது நான் கண்ணால் பார்த்தது கிடையாது. நான் வாடிவாசலுக்கு எதிரே நின்றதே இல்லை.

ஜனவரி 23ஆம் தேதி காலையில் மெரினாவில் தடியடி. அன்று மாலையே சட்டசபையில் மசோதா ஏகமனதாக நிறைவேறிற்று. அடுத்த இதழ்களில் நம்மவர்கள் தடியடி பற்றி எழுதியதை எண்ணிப் பார்த்தேன். திமிலைப் பற்றி எழுதியதில் பத்தில் ஒரு பங்கு வராது.

வாடிவாசலுக்கு எதிரே நின்ற எழுத்தாளர் ஒருவர் நம்மிடையே இருந்தார். எங்கள் ஜில்லாக்காரர், வத்தலக்குண்டு சி. சு. செல்லப்பா. இந்த மாதிரி பத்திரிகைகளுக்கெல்லாம் 'எழுத்து' மூலமாக வழி போட்டவர். அவருடைய 'வாடிவாசல்' அந்த வருஷம் விளையாட்டின் கைப்புத்தகம் மாதிரி கைமாறியது. கல்லூரிப் பையன்கள் அட்டையைப் படம் எடுத்து அனுப்பிக்கொண்டார்கள். செல்லப்பா புஸ்தகத்தைத் தோளில் சுமந்து காலேஜ் காலேஜாக விற்ற மனுஷர். அந்த மட்டில் சந்தோஷம். ஆனால் அந்தக் கதையில் என்ன நடக்கிறது? அப்பன் அம்புலியைக் கொன்ற காரிக் காளையின் மேல் பழி தீர்க்க பிச்சி வருகிறான். காளை ஜமீன்தாருடையது. பிச்சி ஜெயிக்கிறான். பிடிபட்ட காளையை, ஆள்களை வெறிகொண்டு குத்துகிற அந்தக் காளையை, ஜமீன்தாரே சுட்டுக் கொல்கிறார். மாட்டின் மேல் எத்தனை அந்தஸ்து சவாரி செய்கிறது என்பதை இதைவிடக் குறைவான வார்த்தைகளில் சொல்ல முடியாது. அந்தத் துப்பாக்கிச் சத்தத்தை 2017இல் யாரும் கேட்கவில்லை. தடை வேண்டுமென்றவர்கள் கேட்டிருந்தால் அதையும் ஓர் ஆதாரமாக்கியிருப்பார்கள், அது வேறு விஷயம். செல்லப்பா எந்தப் பக்கமும் சாட்சி சொல்லவில்லை. மாட்டின் மூச்சு அணைபவன் விலாவில் படுகிற தூரத்தை மட்டும் அளந்து எழுதினார்.

நம் கூட்டத்தில் ஒரு நண்பர், நல்ல கவிஞர், என்னிடம் சொன்னார்: "ஜட்ஜுக்கு இலக்கியத்தில் என்னய்யா வேலை?" சரி. 2016 ஜூலையில் 'மாதொருபாகன்' வழக்கில் சென்னை ஹைகோர்ட்டு தீர்ப்பு வந்தபோது இதே நண்பர் என்ன சொன்னார்? எவ்வளவு நுட்பமான வாசிப்பு, நீதிபதி நாவலை உள்வாங்கியிருக்கிறார் என்று தந்தி அடிக்காத குறை. எனக்கும் அந்தத் தீர்ப்பு பிடித்ததுதான். 2015 ஜனவரியில் எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அறிவித்த பெருமாள்முருகனை மறுபடி எழுத வைத்த தீர்ப்பு அது. கேள்வி அதுவல்ல. முடிவு நமக்குச் சாதகமாக வந்தால் நீதிபதி ரசிகர். பாதகமாக வந்தால் நீதிபதிக்குத் தமிழ் தெரியாது. இதற்குப் பெயர் விமர்சன அளவுகோல் என்றால், கிரிக்கெட்டில் எல்.பி.டபிள்யூ. கொடுத்த அம்பயரைத் திட்டுகிற டீக்கடைக்காரருக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? அவராவது கல்லாவில் இருந்துகொண்டு சும்மா பேசுகிறார். நாம் தலையங்கம் எழுதுகிறோம்.

2023 மே 18இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன பெஞ்சு 2017ஆம் வருஷத்துத் தமிழகச் சட்டம் செல்லும் என்று சொன்னது. எங்கள் ஊரில் வெடி போட்டார்கள். நம்மவர்களும் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மறந்தார்கள். தீர்ப்பில் என்ன சொல்லியிருக்கிறது என்று படித்தவர் எத்தனை பேர்? ஜல்லிக்கட்டு தமிழ்ப் பண்பாட்டின் பிரிக்கமுடியாத பகுதியா என்பதற்கு சமயம், பண்பாடு, சமூகம் என்று விரிவான ஆராய்ச்சி வேண்டும், அது நீதிமன்றம் செய்யக்கூடியது அல்ல, சட்டசபை அந்தக் காரியத்தை ஏற்கெனவே செய்துவிட்டது, ஆகவே தலையிட மாட்டோம் என்கிறார்கள். சட்டசபை செய்த ஆராய்ச்சி என்ன என்று பார்த்தால், பண்பாட்டையும் நாட்டு இனங்களையும் காப்பதற்கு ஜல்லிக்கட்டு முக்கியம் என்று சட்டத்தின் முகப்புரையில் எழுதியிருக்கிறது. ஒரு மாலையில் நிறைவேறிய சட்டத்தின் முகப்புரை!

2014இல் இரண்டு நீதிபதிகள் பாட்டைத் தப்பாக வாசித்தார்கள். தப்பாகவாவது வாசித்தார்கள். அந்த வாசிப்போடு நான் சண்டை போட முடியும். மேலே போட்டும் இருக்கிறேன். 2023இல் வாசிக்கிற பொறுப்பே கைமாறிவிட்டது. பண்பாடு எது என்பதை இனி எம்.எல்.ஏ.க்கள் கை தூக்கித் தீர்மானிப்பார்கள். இன்று கை தூக்குவது காளைக்காக, எல்லோருக்கும் சந்தோஷம். நாளைக்கு ஒரு நாவல் தமிழ்ப் பண்பாட்டுக்கு உகந்ததில்லை என்று ஒரு முகப்புரை எழுதிக் கை தூக்கினால் நம் நண்பர் எந்த வாசலில் போய் நிற்பார்? 2016 தீர்ப்பை மடித்துப் பையில் வைத்திருக்கிறேன் என்பாரோ? வெற்றி வெற்றி என்று நாம் கொண்டாடிய தீர்ப்பில் நம்மிடமிருந்து போனது இதுதான் என்பது என் அபிப்பிராயம். அதைச் சொல்ல வேண்டிய பத்திரிகைகள் இந்த மாதிரி முந்நூறு பிரதி பத்திரிகைகள்தான். தினசரிகள் சொல்லாது. டெலிவிஷன் சொல்லவே சொல்லாது.

டெலிவிஷனுக்கு இப்போது வேறு வேலை. பொங்கலுக்கு அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதற்கு மறுநாள் அலங்காநல்லூர். காலையிலிருந்து சாயங்காலம் வரை நேரடி ஒளிபரப்பு. கீரனூரில் நான் டீ குடிக்கிற கடையில் பெஞ்சு நிரம்பி வழிகிறது. நம்பர் போட்ட பனியன், சுற்றுக்குச் சுற்று ஆள் மாற்றம், முதல் பரிசு கார். இன்ன அமைச்சர் காளை, இன்ன முன்னாள் அமைச்சர் காளை என்று ஒலிபெருக்கி அறிவிக்கிறது. செல்லப்பாவின் ஜமீன்தாருக்கு இத்தனை ஒலிபெருக்கி வாய்த்ததில்லை. தமிழில் ஒரு புது வர்ணனை மொழியே உண்டாகியிருக்கிறது. அண்டா, கட்டில், பீரோ, தங்கக்காசு, "மாடு ஜெயிச்சிருச்சு, மாட்டுக்காரர் வந்து வாங்கிக்கங்க". 2024 ஜனவரி 24இல் கீழக்கரையில் இதற்கென்றே ஒரு ஸ்டேடியம் திறந்தார்கள். நம் கவிதைகளைவிட அந்த ஒலிபெருக்கிக்காரரின் வாக்கியங்களில் உயிர் இருக்கிறது என்றுதான் சொல்வேன். அவர் எதிரில் மாடு நிற்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. எங்கள் பக்கம் வாடிவாசல் ஊர் அல்ல. ஜில்லாவில் அதெல்லாம் கிழக்கே நத்தம் பக்கம். பழனி, உடுமலை ஓரத்தில் எங்களுக்குக் காங்கேயம் மாடு, ரேக்ளா வண்டி. 2014 தீர்ப்பில் மாட்டுவண்டிப் பந்தயமும் சேர்ந்துதான் நின்றது. அதற்காக எந்தக் கவிஞனும் திமில் வைத்து எழுதவில்லை, நான் உட்பட.

இந்தப் பொங்கலுக்கு அடுத்த வாரம் ஒரு பெரியவர் கவுண்டருக்கு வந்தார். நகைக் கடன் புதுப்பிக்க. வயசு எழுபதுக்கு மேல். ரேக்ளா ஓட்டினவர் என்று ஊரில் சொல்வார்கள். வட்டி கணக்குப் போட்டுக்கொண்டே, டி.வி.யில் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"பார்த்தனுங்க. அது மதுரக்காரங்களுதுங்க. நம்முளுது ஓடற மாடு."

"இப்ப மாடு வச்சிருக்கீங்களா?"

"சோடி குடுத்து எட்டு வருசமாச்சுங்க. ஜெர்சி ரெண்டு நிக்குது. ஏனுங்க தம்பி, இன்னொரு கறவைக்கு லோன் போட்டுத் தருவீங்களா?"

கறவை மாட்டுக்கு விண்ணப்பப் பாரம் இருக்கிறது. எடுத்துக் கொடுத்தேன். காளைக்குப் பாரம் இல்லை. போன ஈற்றில் என்ன கன்று என்று கேட்டேன். கிடாரி ஒன்று, காளை ஒன்று என்றார். காளைக் கன்று எங்கே என்று கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"அத பத்தாம் நாளே சந்தைக்கு ஏத்தி உட்டாச்சுங்க."

கைநாட்டு வைக்கப் போனவர் நிறுத்தி, பேனா இருக்கிறதா என்று கேட்டு வாங்கிக் கையெழுத்தே போட்டார்.