வீட்டுக் கணனியிலும் சுயசார்பு வேண்டும்

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு வழமையாக வழங்கிவந்த பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்திக்கொண்டது. இயங்குதளம் என்பது, கணனியைத் திறந்ததும் முதலில் எழுந்து மற்றெல்லா வேலைகளையும் நடத்தி வைக்கும் அடிப்படை மென்பொருளாகும். கொழும்பிலுள்ள பெரிய அலுவலகங்களுக்கு இது ஒரு செலவுக் கணக்கு மட்டுமே. ஆனால் மருதமுனை தொடக்கம் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று, பொத்துவில் வரை, ஊரும் வயலும் விட்டு வந்து குடியமர்ந்த விவசாயக் குடும்பங்களுக்கு இது அவ்வளவு சிறிய விடயமல்ல.

எமது வீடுகளில் உள்ள கணனிகள் பெரும்பாலும் பழையவை. மத்திய கிழக்கில் உழைக்கும் பிள்ளை அனுப்பியது, தொண்டு நிறுவனம் கொடுத்தது, அலுவலகம் ஒன்று கழித்துவிட்டதை மலிவாக வாங்கியது என்று அவை வந்து சேர்ந்த வழிகள் பல. விண்டோஸ் 11க்கு இலவசமாக மாறலாம் என்கிறார்கள். ஆனால் அதற்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், பொதுவாக 2018க்குப் பிற்பட்ட செயலியும் இருக்க வேண்டும். நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருக்கும் எமது கணனிகளில் பல இந்த ஒரு நிபந்தனையாலேயே "காலாவதி" ஆகிவிடுகின்றன. நீடிப்புத் திட்டம் ஒன்றும் அறிவிக்கப்பட்டது; அதன் எல்லை 2026 ஒக்டோபர் 13 ஆகும்.

முன்னாலுள்ள வழிகள்

இந்நிலையில் பலரும் மூன்று வழிகளைப் பற்றியே பேசுகின்றனர். முதலாவது, புதிய கணனி வாங்குவது. அது ஒரு லட்சம் ரூபாவைத் தாண்டும் செலவு. பெரும்போகத்துக்கு உரமும் கூலியும் தேடவே நகையை அடகு வைக்கும் குடும்பத்துக்கு இன்னொரு கடன் வேண்டாம்.

இரண்டாவது, கடையில் கொடுத்துத் திருட்டுப் பிரதி ஒன்றைப் போட்டுக்கொள்வது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் மென்பொருளுக்கும் பாதுகாப்பு அளிப்பதால் அது சட்டத்துக்கு முரணானது. களவுப் பொருள் வீட்டுக்கு ஆகாது என்பதில் பள்ளிவாசலுக்கும் தேவாலயத்துக்கும் இடையில் கருத்து வேறுபாடு இல்லை. பூட்டை உடைத்துத் தருபவன் உள்ளே எதை வைத்துத் தருகிறான் என்பதும் எமக்குத் தெரியாது.

மூன்றாவது, இருப்பதை அப்படியே பாவிப்பது. இதன் ஆபத்தை உலகம் 2017 மே மாதத்தில் கண்டது. "வொனாக்ரை" என்ற தீநிரல் ஏறத்தாழ 150 நாடுகளில் விண்டோஸ் கணனிகளுக்குள் புகுந்து, கோப்புகளைப் பூட்டிவைத்துக் கப்பம் கேட்டது. அதற்கான திருத்தத்தை மைக்ரோசொப்ட் இரண்டு மாதங்களுக்கு முன்னரே வெளியிட்டிருந்தது. அத்திருத்தத்தைப் போடாத கணனிகளே அதிகம் பாதிக்கப்பட்டன. இனித் திருத்தமே வராத கணனியின் கதியை நாமே எண்ணிப் பார்க்கலாம்.

இடம்பெயர்ந்த குடும்பத்தின் கணனியில் பாட்டும் படமும் மட்டுமா இருக்கின்றன? 1985இலும் 1990இலும் வன்செயல்களுக்கு அஞ்சி ஓடியபோதும், 2004இல் கடல் வந்தபோதும் எத்தனை குடும்பங்கள் காணி உறுதியையும் உத்தரவுப் பத்திரத்தையும் இழந்தன! பின்னர் கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் நடந்து, ஏக்கர் வரிப் பற்றுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ், கிராம உத்தியோகத்தரின் கடிதம் என்று ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்தவற்றின் பிரதிகள் இன்று அந்தக் கணனியிலேயே கிடக்கின்றன. ஒரு துண்டுக் காகிதம் இல்லாததால் வயலை இழந்தவர்களுக்கு அந்தப் பிரதிகளின் பெறுமதியை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான்காவது வழி

நான்காவது வழி ஒன்று உண்டு. அதே கணனியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸை நிறுவுவதே அவ்வழி. பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் இதன் கருவைத் தொடக்கி வைத்தார். ரிச்சர்ட் ஸ்டோல்மன் 1983இல் அறிவித்த குனூ திட்டத்தின் மென்பொருள்களும், அதன்பின் உலகெங்குமுள்ள ஆயிரக்கணக்கானோரின் உழைப்பும் சேர்ந்தே இன்றைய லினக்ஸ் உருவாயிற்று. அதை இலவசமாகப் பெறலாம், பிரதி எடுக்கலாம், அயலவருக்குக் கொடுக்கலாம், தெரிந்தவர் திருத்தியும் கொள்ளலாம். இவையனைத்தையும் அதன் உரிமமே அனுமதிக்கிறது.

விவசாயிக்கு இது புதிய கருத்தல்ல. பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த பி.ஜி. இன நெல்லை ஒருவர் விதைக்கிறார். நன்றாக விளைந்தால் விதைநெல்லுக்கென ஒரு பகுதியை எடுத்து வைக்கிறார். அடுத்த வட்டைக்காரர் கேட்டால் அவருக்கும் கொடுக்கிறார். அவர் கொடுத்ததால் இவருக்குக் குறைவதில்லை. ஒவ்வொரு போகத்துக்கும் கொம்பனியின் வாசலில் நின்று புதிய விதை வாங்க வேண்டிய நிலையை எந்த விவசாயியும் விரும்புவதில்லை. கணனி விடயத்தில் மட்டும் அந்த நிலையை ஏன் இயல்பென்று ஏற்றுக்கொண்டிருக்கிறோம்?

லினக்ஸில் பல வகைகள் உண்டு. பழைய கணனிகளுக்கு "லினக்ஸ் மின்ட்" என்பதன் எக்ஸ்.எஃப்.சி.ஈ. பதிப்பு பொருத்தமானது. 2 ஜிகாபைட் நினைவகம் இருந்தாலே அது ஓடும். 4 இருந்தால் தாராளம். கடிதமும் கணக்கும் எழுத லிப்ரே ஒபிஸ், இணையத்துக்கு ஃபயர்பொக்ஸ் என்பன உடனேயே வரும். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவப் பாடங்களைப் படிப்பதற்கும், பரீட்சைப் பெறுபேறு பார்ப்பதற்கும் இணைய உலாவி ஒன்றே போதும், விண்டோஸ் வேண்டியதில்லை. தமிழ் எழுத ரெங்கநாதன் விசைப்பலகை கிடைக்கிறது. பாமினியில் எழுதிய பழைய கடிதங்கள் இருந்தால் அந்த எழுத்துருவையும் நிறுவிக்கொள்ளலாம்.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். சில மலிவான அச்சுப்பொறிகள் லினக்ஸில் இயங்கா. திருமண அல்பம் செய்பவர்கள் பாவிக்கும் ஃபோட்டோஷொப் இதற்குக் கிடையாது. வேர்டில் எழுதிய கடிதம் திறக்கும். ஆனால் அட்டவணைகள் சற்று இடம் மாறக்கூடும். தமிழ் மொழிபெயர்ப்பும் முழுமை பெறவில்லை. இடையிடையே ஆங்கிலம் எட்டிப் பார்க்கும். இவற்றை மறைத்து "எல்லாம் இலவசம், எல்லாம் சுலபம்" என்று பிரசாரம் செய்பவர் எமக்கு உதவி செய்பவரல்லர்.

ஆகவே அவசரப்படாமல் மாற வேண்டும். முதலில் ஆவணங்கள் யாவற்றையும் இரண்டு வேறு இடங்களில் பிரதி எடுத்து, ஒன்றை உறவினர் வீட்டில் வையுங்கள். இதைச் செய்யாமல் வேறெதையும் தொடக்க வேண்டாம். அடுத்து, 8 ஜிகாபைட் பென்டிரைவ் ஒன்றில் லினக்ஸை ஏற்றி, கணனியில் எதையும் அழிக்காமல் அதிலிருந்தே ஓடவிட்டுப் பாருங்கள். வைஃபை, ஒலி, அச்சுப்பொறி மூன்றும் வேலை செய்கின்றனவா எனக் கவனியுங்கள். ஒரு வாரம் பிள்ளைகள் பாவிக்கட்டும். திருப்தியானால் மட்டும் நிறுவுங்கள். ஐயமிருந்தால் விண்டோஸையும் லினக்ஸையும் அருகருகே வைத்திருக்கவும் வழியுண்டு. ஆனால் அதன்பின் விண்டோஸ் பகுதியில் இணையத்தைத் தொடாதிருப்பதே நல்லது.

தனியே அல்ல, சேர்ந்தே

எமது கரையோரத்தின் அனுபவத்தோடு தொடர்புடைய ஒரு வரலாற்றை இங்கு நினைவுகூர்வது பொருந்தும். 2004 டிசம்பர் 26இன் கடற்கோளில் நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அப்போது காணாமற்போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள் ஆகியவற்றின் விபரங்களை ஒழுங்குபடுத்துவதற்காக இலங்கையின் கணனி வல்லுநர்கள் தொண்டர்களாகச் சேர்ந்து சில வாரங்களில் "சஹன" என்னும் மென்பொருளை ஆக்கினர். சஹன என்பதற்குச் சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். எவரும் எடுத்துப் பாவிக்கக்கூடிய திறந்த உரிமத்துடன் அது வெளியிடப்பட்டது. ஆகவே 2005இல் பாகிஸ்தான் பூமியதிர்ச்சியின்போதும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவின்போதும், 2010இல் ஹெயிட்டியிலும் அது கைகொடுத்தது. 2006ஆம் ஆண்டுக்கான சமூக நலத் திட்ட விருதைச் சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வழங்கியது.

எமது நாட்டின் துயரத்திலிருந்து பிறந்த ஒரு கருவி உலகத்துக்குப் பயன்பட்டது பெருமைக்குரியதே. ஆயினும் நாம் ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும். அன்று எத்தனையோ பட்டியல்களில் எமது பெயர்கள் ஏறின. அந்தப் பட்டியல்களை வைத்திருக்கவும் திருத்தவும் தெரிந்தவர்கள் எம்மூர்களில் எத்தனை பேர் உருவானார்கள்? இருபது ஆண்டுகளுக்குப் பின்னரும் பெயர் கொடுப்பவர்களாகவே இருக்கப்போகிறோமா?

கேரளத்தில் அரசு இலட்சக்கணக்கான பாடசாலைக் கணனிகளைச் சுதந்திர மென்பொருளுக்கு மாற்றியது. அதன் வெற்றிக்குக் காரணம் மென்பொருளின் விலை மட்டுமல்ல. ஆசிரியர்களே பயிற்சி பெற்று, மற்ற ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார்கள். மறுபுறம், ஜேர்மனியின் மியூனிக் மாநகரசபை 2013 அளவில் ஏறத்தாழ 15,000 கணனிகளை லினக்ஸுக்கு மாற்றிய பின்னரும், பாவனையாளரின் முறைப்பாடுகளுக்கும் அரசியல் மாற்றத்துக்கும் மத்தியில், 2017இல் விண்டோஸுக்குத் திரும்பத் தீர்மானித்தது. பணமுள்ள மாநகரமே தளம்பியதென்றால், தனியொரு குடும்பம் துணையின்றி மாறி இடைவழியில் கைவிடுவது வியப்பல்ல.

எனவே எமது கருத்து இதுதான். வீடு வீடாகத் தனித்தனியே மாற முயல வேண்டாம். பத்து வீடுகளுக்கு ஒருவர் என்ற அளவிலாவது, உயர்தரம் படித்துவிட்டு வீட்டிலிருக்கும் இளைஞரும் யுவதிகளும் முதலில் கற்றுக்கொள்ளட்டும். விவசாய அமைப்பின் கூட்டத்திலோ, மாதர் சங்கத்திலோ, பள்ளிவாசல் அல்லது தேவாலய மண்டபத்திலோ மாதத்தில் ஒரு நாள் கணனிகளைக் கொண்டுவந்து சேர்ந்து மாற்றுங்கள். ஒருமுறை பதிவிறக்கிய சுமார் 3 ஜிகாபைட் கோப்பு ஊர் முழுவதற்கும் போதும். ஒவ்வொரு வீடும் டேற்றாவுக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. தமிழ்க் கிராமமும் முஸ்லிம் கிராமமும் ஒரே வாய்க்காலில் நீர் பங்கிடுவதுபோல இந்த அறிவையும் பங்கிட்டுக்கொள்ளலாம். மொழி ஒன்று, தேவையும் ஒன்று.

தொண்டு நிறுவனங்களுக்கும், எமது திருச்சபையின் அபிவிருத்திப் பணியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஐந்து புதிய கணனிகளைக் கொடுத்துப் படம் பிடிப்பதிலும் பார்க்க, ஐம்பது பழைய கணனிகளை மீட்கத் தெரிந்த ஐந்து பேரை உருவாக்குங்கள். அடுத்த இயங்குதளம் காலாவதியாகும் நாளில் அந்தப் புதிய கணனிகளும் பழையவையாகிவிடும். கற்றுக்கொண்டவர்களோ ஊரிலேயே இருப்பார்கள்.