கடல் காலியா இல்லை மக்களே!

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மி. அதனால போன மாசம் 'ஆர்பிட்டர்' இறக்கினேன். மார்ட்டின் ஷ்வைகர்னு ஒருத்தர் 2000-ல வெளியிட்ட விண்வெளிப் பயண சிமுலேட்டர். இலவசம். 2021-ல சோர்ஸ் கோடையும் திறந்து விட்டுட்டார். சுட்டுத் தள்ளலாம்னு நினைச்சுப் போனா ஏமாந்துடுவீங்க, இதுல வில்லன் நியூட்டன் மட்டும்தான்.

எல்லா கத்துக்குட்டியும் பண்றதையேதான் நானும் பண்ணேன். மூக்கை நேரா மேல தூக்கி ஏறினேன். 300 கிலோமீட்டர் வந்ததும், 'ஆஹா, விண்வெளி!'ன்னு என்ஜினை அணைச்சேன். இன்னும் கொஞ்சம் ஏறிட்டு, போன வழியே திரும்பி வந்து பொத்துன்னு விழுந்துச்சு.

ஆக, முதல் பாடம்: உயரம் மட்டும் போதாது. பக்கவாட்டுல நொடிக்கு 7.7 கிலோமீட்டர் வேகம் வேணும். அப்பதான் சுற்றுப்பாதை.

ரெண்டாவது பாடத்துக்கு நம்ம ஊரையே வச்சுக்கிட்டேன். அட்சரேகை 13.7, தீர்க்கரேகை 80.2. ஸ்ரீஹரிகோட்டா. கிழக்கே திருப்பினா பூமி சுழற்சியே நொடிக்கு 450 மீட்டர் ஓசியில தருது. துருவப் பாதைக்குத் தெற்கே திருப்பினா? நேரா யாழ்ப்பாணம் தலைக்கு மேல! எரிஞ்சு முடிஞ்ச அடுக்குகள் கீழே விழுமே, யார் தலையில போடுறது? அதனாலதான் பி.எஸ்.எல்.வி. முதல்ல தென்கிழக்கே போய், இலங்கையைச் சுத்தி வளைஞ்சு, அப்புறம் தெற்கே திரும்புது. அந்த வளைவுல எரிபொருள் வீண், தூக்கிட்டுப் போற எடையும் குறையுது. கீழே மனுஷங்க இருக்காங்கன்னு அந்த நஷ்டத்தை ஏத்துக்கிறாங்க. சரியான விஷயம். சல்யூட்.

இப்ப சண்டைக்கு வரேன்.

நிஜ ராக்கெட் பாக்கணும்னு பழவேற்காடு போயிருந்தேன். ஏரிக்கும் கடலுக்கும் நடுவுல வடக்கே நீண்டு கிடக்கிற தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் விடுற அன்னிக்கு மீனவர்கள் கடலுக்குப் போகக் கூடாது. கரை பூரா ஃபைபர் படகு வரிசையா நிக்குது. வலையைத் தைச்சுக்கிட்டிருந்த அண்ணன் ஒருத்தர் சொன்னார்: "உங்களுக்கு ராக்கெட்டு, எங்களுக்கு லீவு தம்பி. சம்பளம் இல்லாத லீவு."

என் சிமுலேட்டர்ல அந்த இடம் வெறும் நீல கலர். ஒரு படகு கிடையாது.

இதை நண்பர்கள்கிட்ட சொன்னா, "நாட்டுக்காக ஒரு நாள் போகாம இருந்தா என்னவாம்?"னு கேக்குறாங்க. ஏசி ரூம்ல உக்காந்து கேக்குற கேள்வி இது. ஒரு நாள்னு யார் சொன்னது? 2019 ஜூலை 15-ல சந்திரயான்-2 கிளம்ப 56 நிமிஷம் இருக்கும்போது நிறுத்தினாங்க, 22-ம் தேதிதான் போச்சு. நமக்கு அது 'த்ரில்'. கரையில நிக்கிற படகுக்கு இன்னொரு நாள் பட்டினி. ஏற்கெனவே புயல் எச்சரிக்கை, முகத்துவாரம் மண் மூடுறதுன்னு தொழிலுக்குப் போற நாளே குறைவு.

"சாட்டிலைட்தானே புயல் எச்சரிக்கை தருது, மீன் எங்கே இருக்குன்னு காட்டுது?" ஆமா, தருது, காட்டுது. அந்தப் பலன் எனக்கும்தான் வருது. வானிலை பாக்குறேன், டிவி பாக்குறேன். ராக்கெட் நாள்ல என் சம்பளத்துல ஒரு பைசா குறையுதா?

ராக்கெட்டை நிறுத்துன்னு சொல்ல வரல. சிமுலேட்டரை ஒரு வாரம் ஓட்டினாலே புரியும், கீழே கடல் காலியா இருந்தே ஆகணும். ஆனா காலியா இருக்கிற கடல் வேற, காலி பண்ண வைக்கிற கடல் வேற. இலங்கைக்காக ராக்கெட் வளையுது. பழவேற்காட்டுல மனுஷன்தான் வளையறான். எரிபொருள் கணக்குல இலங்கை இருக்கிற மாதிரி, ஏவுற செலவுக் கணக்குல அவனோட நாள் கூலியும் இருக்கணும். தள்ளிப்போன நாளுக்கும் சேர்த்து.

2024 பிப்ரவரியில குலசேகரப்பட்டினம் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியாச்சு. அங்கேர்ந்து நேரா தெற்கே விடலாம், இலங்கை குறுக்கே வராது. ராக்கெட்டுக்கு வளைவு மிச்சம். அந்தக் கரையிலயும் வலை காயுது மக்களே. கணக்கை இப்பவே எழுதிடுங்க.

டிஸ்கி: என் விண்கலம் நேத்து ராத்திரி சுற்றுப்பாதைக்குப் போயிடுச்சு. இறக்கத்தான் தெரியல. தெரிஞ்சவங்க சொல்லிக் கொடுங்கப்பா!