டிகிரி காபியும் மாத்தளைப் பாதையும்

தமிழில் காபியைப் பற்றி எழுதப்படுவனவற்றில் பெரும்பகுதி ஏக்கமே: பித்தளை டபரா, கள்ளிச்சொட்டுப் பால், பாட்டியின் கைப்பக்குவம். எங்கள் பீர்க்கன்கரணையை ஒட்டிய ஜி.எஸ்.டி. சாலையில் 'கும்பகோணம் டிகிரி காபி'க் கடைகள் விற்பதும் அதையே. வணிகர் விற்கட்டும். இலக்கியவாதியும் அதையே விற்பதைத்தான் ஏற்க மறுக்கிறோம்.

தேயிலைக்கு முன் இலங்கையை ஆண்டது காபி. 1830களுக்குப் பின் பெருகிய அந்த ஏற்றுமதியைத் தோளில் சுமந்தவர்கள் தஞ்சை, திருச்சி, மதுரைச் சீமைகளின் ஏழைகள். பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர். மன்னாரில் தோணியிறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தனர். காலராவிலும் பசியிலும் வழியிலேயே மாண்டவர் ஆயிரக்கணக்கானோர்.

1869இல் ஆபிரகாம் ஜோசப்பின் 'கோப்பி கிருஷிக் கும்மி' வெளிவந்தது. அது தோட்டத் தொழிலைப் போற்றியதேயன்றித் தொழிலாளியின் துயரைப் பேசவில்லை. அதே ஆண்டில்தான் இலங்கைக் காபியில் இலைத்துரு நோய் கண்டறியப்பட்டது. இருபதாண்டுகளுக்குள் காபி வீழ்ந்து தேயிலை எழுந்தது. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யும் தேயிலைத் தோட்டத்தின் கதையே.

'அது ஈழத்து இலக்கியம், நமக்கென்ன?' என்பார் உண்டு. போனவர்கள் எந்த ஊரார்? அவர்கள் வழிவந்தோரின் குடியுரிமையை இலங்கை 1948இல் பறித்தது. 1964 ஒப்பந்தத்தின்படி அனுப்பப்பட்டவர்களின் பிள்ளைகள் இன்று நீலகிரியில் கொழுந்து கிள்ளுகிறார்கள்.

சங்கம் முதல் இக்காலம்வரை கற்பிக்கும் நம் பாடத்திட்டங்களில் மாத்தளைப் பாதைக்கு ஓர் அலகு கேட்கிறோம். அக்கும்மியையும் அதன் மௌனத்தையும் மாணவர்கள் சேர்த்தே வாசிக்கட்டும். காபியின் மணத்தைப் பற்றி அதன்பிறகு எழுதலாம்.